பகடை வீரர்களும் நீலமலைக் குள்ளர்களும்

1977இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் நூலில் ஒரு ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, பணக்காரச் சீமானின் அங்கி, கையில் புகைக்குழாய். இராமாயணத்திலோ மகாபாரதத்திலோ இப்படியொரு ராட்சசனை நாம் சந்தித்ததில்லை. அம்புலிமாமாவின் ராட்சசர்களுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் பெருவயிறும் உண்டு, புகைக்குழாய் கிடையாது. இந்தப் புலிமுகத்தானைப் பார்த்தால் இலங்கையின் நினைவு வருவதில்லை. மாலை நேரத்தில் ஊட்டி கிளப்பின் கணப்படுப்பருகே ஓய்வெடுக்கும் ஏதோ ஒரு துரையின் நினைவுதான் வருகிறது.

இவனை வரைந்தவர் டேவிட் டிராம்பியர். இவன் எங்கிருந்து வந்தான் என்பது ஒரு வேடிக்கையான கதை. 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்ஷாக்' என்ற பேய்த்தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. அதில் வரும் ராட்சசன், தான் கொல்லப்போகும் மனிதர் மிகவும் நம்பும் ஒருவரின் வடிவில் தோன்றுவான். மந்திரித்த அம்பால் மட்டுமே அவனைக் கொல்ல முடியும். கேரி கைகாக்ஸ் இவ்விரண்டு இயல்புகளையும் எடுத்துத் தன் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார். வால்மீகியின் பாத்திரம் தொலைக்காட்சி வழியாக விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போய்ச்சேர்ந்து, புலித்தலை பெற்றது.

கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள். பூமிக்கடியில் பாழடைந்த நிலவறைகள், அவற்றில் பூதங்கள், பூதங்கள் காக்கும் புதையல். என்ன செய்வது என்று ஆடுபவர் சொல்கிறார்; நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்கிறது. பலகை கிடையாது, காய்களும் கட்டாயமில்லை. எல்லாம் மனக்கண்ணில்தான் நடக்கிறது. அதனாலேயே இந்த விளையாட்டில் படங்களுக்கு விசேஷமான இடம் ஏற்பட்டது. யாரும் காணாத ஒன்றைப் பலரும் ஒரே மாதிரி காண்பதற்கு ஒரு சாட்சி தேவை. புத்தகத்திலிருந்த கோட்டோவியம்தான் அந்தச் சாட்சி.

முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். மூன்று சிறு பிரசுரங்களைப் பெட்டியில் போட்டுக் கையாலேயே அடுக்கி விற்றார்கள். ஓவியருக்குக் கொடுக்க அதிகப் பணமில்லை. பள்ளிச் சிறுவன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்கியது போன்ற படங்கள் அதில் இருக்கின்றன. சில, மார்வெல் காமிக்ஸ் பக்கங்களைப் பார்த்துப் போட்டவை. பிறகு டேவிட் சதர்லேண்ட், டிராம்பியர், எரோல் ஓட்டஸ் ஆகியோர் வந்தார்கள். பூதங்களுக்கு மாதிரியாக அவர்கள் முன் இருந்தவற்றில் ஹாங்காங்கில் செய்யப்பட்டு மலிவுக்கடைகளில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளும் உண்டு. இரும்பைத் தின்னும் துரு விலங்கும், ஆந்தைத்தலைக் கரடியும் அந்தப் பொம்மைகளிலிருந்து பிறந்தவையே. 1982இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' வெளிவந்தது. நானூறு துண்டுகளாக வெட்டப்பட்ட கதை; இடப்பக்கம் திரும்ப விரும்பினால் இந்த எண்ணுக்குப் போ, வலப்பக்கம் என்றால் அந்த எண்ணுக்குப் போ என்று வாசகனையே நடக்கவைப்பது. அதற்கு ரஸ் நிக்கல்சன் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒவ்வோர் எலும்பிலும் நூறு கோடுகள் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் இந்த உலகம் மாறியது. லாரி எல்மோர் போன்ற தேர்ந்த ஓவியர்களின் எண்ணெய் வண்ணப் படங்கள் அட்டைகளை நிறைத்தன. உடற்கூறு பிசகாத வீரர்கள், பளபளக்கும் செதில்கள் கொண்ட டிராகன்கள். திறமையில் இவை பன்மடங்கு உயர்ந்தவை. ஆனால் நினைவேக்கம் இவற்றைத் தேடிப்போகவில்லை. 2000களின் நடுவிலிருந்து பழைய விதிகளையும் பழைய கோட்டோவிய பாணியையும் மீட்டெடுக்கும் ஓர் இயக்கமே அங்கு உருவானது. 2018இல் அந்த ஓவியங்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய நூலொன்று வந்தது. டிராம்பியர் 1988இல் தன் சித்திரத்தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காணாமல் போனவர். இறந்துவிட்டார் என்றே பலர் எண்ணியிருந்தபோது, இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் நகரில் வாடகைக்கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது 2002இல் தெரியவந்தது. 2014இல் மறையும்வரை அவர் தொழில்முறை ஓவியத்துக்குத் திரும்பவில்லை. அவருடைய புலிமுகத்தானை நாற்பதாண்டுகள் கழித்தும் மக்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

ஏன்? நமக்கு இது புரியாத விஷயமல்ல. அம்புலிமாமாவில் 'சித்ரா'வும் 'சங்கர்' என்று கையெழுத்திட்ட கே.சி. சிவசங்கரனும் வரைந்த படங்களை நினைத்துக்கொள்ளலாம். வேதாளத்தைத் தோளில் சுமந்து உருவிய வாளுடன் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமனை இன்றும் எவராலும் வேறு உருவத்தில் கற்பனை செய்ய முடிவதில்லை. சங்கர் 2020இல் மறைந்தார். மறுஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தப் படங்களுக்கும் அமெரிக்க நிலவறைப் படங்களுக்கும் பாணியில் எந்த உறவும் கிடையாது. சங்கரின் கோடு கலைப்பள்ளியில் பயின்ற கோடு. ஆனால் அவை வாசகனிடம் செய்யும் வேலை ஒன்றே. குகை வாயிலை வரைந்துவிட்டு உள்ளே இருப்பதைக் கருமையாக விட்டுவிடுகின்றன. வண்ணம் இல்லாத இடத்தில் வாசகன் தன் அச்சத்தை நிரப்பிக்கொள்கிறான். முழுமையான ஓவியம் நம்மைப் பார்வையாளராக்குகிறது. குறைப்பட்ட ஓவியம் கூட்டாளியாக்குகிறது. பால்யத்தில் நாம் உழைத்துச் சேர்த்த மிச்சப்பாதியைத்தான் பின்னாளில் ஏக்கத்துடன் நினைத்துக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது ஓர் இனிய கட்டுரையாக முடிந்துவிடும். ஆனால் அந்தப் படங்களைத் தொடர்ந்து பார்க்கும்போது, சில காட்சிகளை முன்பே எங்கோ கண்டிருக்கிறோம் என்ற உறுத்தல் எழுகிறது.

*

இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற படம் 1978இல் வந்த 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அட்டை. அதுவும் டிராம்பியர் வரைந்ததே. ஒரு பெரும் விக்கிரகம். அதன் தலைமேல் ஏறிய இரு திருடர்கள் கண்ணிலிருக்கும் மணியை நெம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே கொல்லப்பட்ட காவலர்களின் உடல்கள். வீரர்கள் வாளைத் துடைக்கிறார்கள், வரைபடத்தை விரித்து அடுத்து எங்கே போவது என்று பேசுகிறார்கள். அன்றாட அலுவல் முடிந்த சாவதானம் அந்தப் படத்தில் இருக்கிறது.

விக்கிரகத்தின் கண்ணைப் பெயர்க்கும் கதைக்கு மேலைநாட்டில் ஒரு பரம்பரை உண்டு. அதன் ஒரு வேர் நம் திருவரங்கத்தில் இருக்கிறது. ரஷ்யப் பேரரசி கேத்தரினின் செங்கோலில் பதிக்கப்பட்ட ஓர்லோவ் வைரம் ஸ்ரீரங்கம் கோயில் விக்கிரகத்தின் கண்ணாக இருந்தது என்றும், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய் ஒருவன் பக்தனாக வேடமிட்டுக் கோயிலுக்குள் புகுந்து அதைத் திருடிச் சென்னையில் விற்றான் என்றும் வைரங்களைப் பற்றிய ஐரோப்பிய நூல்கள் சலிக்காமல் சொல்லிவந்தன. சயனக்கோலத்தில் அரங்கனைச் சேவித்தவர்களுக்கு இக்கதையை நம்புவது கடினம். ஆனால் வில்கி காலின்ஸ் 1868இல் 'தி மூன்ஸ்டோன்' நாவலை எழுதியபோது, செங்கோலில் இருக்கும் அந்தக் கல்லையும் தன் முன்னுரையில் நினைவுகூர்ந்தார். அந்த நாவல் தொடங்குவது 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து சூறையாடப்பட்ட நாளில்.

நீலகிரியின் நவீன வரலாறு தொடங்குவதும் அதே வீழ்ச்சியில்தான். திப்புவின் தோல்விக்குப்பின் கோயமுத்தூர்ச் சீமையுடன் இந்த மலையும் கும்பினியின் கைக்கு வந்தது. 1819இல் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் அவருடைய கல்பங்களா எழுந்தது. பின்னாலேயே எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்தார்கள். ஹென்றி ஹார்க்னஸ் 1832இல் தோதர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே, மலையுச்சியில் வாழும் விசித்திரமான ஆதி இனம் ஒன்றைப் பற்றிய விவரணை என்றுதான் இருக்கிறது. 1837இல் ரிச்சர்ட் பேரனின் நீலகிரிக் காட்சிகள் லண்டனில் அச்சாயின. ஆங்கிலேயன் இந்த மலையை நிலமாகப் பார்ப்பதற்கு முன்பே சித்திரமாகப் பார்க்கப் பழகிவிட்டான் என்று சொல்லலாம்.

அடுத்து வந்தவர்கள் தோண்டினார்கள். நீலகிரியின் குன்றுமுகடுகளில் வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமக்குழிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கேப்டன் காங்ரீவ் அவற்றைத் திறந்து பார்த்து 1847இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் எழுதினார். தோதர்கள் மத்திய ஆசியாவின் சித்தியர்கள் என்பது அவர் துணிபு. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் இன்னும் முறையாகத் தோண்டினார். 1872இல் அவர் இறந்தபின், அவருடைய நூலை மறுஆண்டு அவர் மனைவி வெளிக்கொணர்ந்தார். குழிகளிலிருந்து வெண்கலக் கிண்ணங்களும் பொன்நகைகளும் கிடைத்தன. கூடவே, தாழிகளின் மூடிகள்மேல் நின்றிருந்த சுடுமண் உருவங்கள். எருமைகள், குதிரைமேல் அமர்ந்தவர்கள், இன்ன விலங்கென்று சட்டெனப் பெயரிட முடியாத பிராணிகள். அவற்றில் பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். யார் செய்தார்கள் என்பதற்கு மலைவாழ் மக்கள் எவரிடமும் தெளிவான மரபுவழிச் செய்தி இல்லை. நிலத்தடி அறை, அதில் வெண்கலக் கிண்ணம், காவலுக்குப் பெயரறியாத விலங்குகள், மேலே மண்வெட்டியுடன் ஒரு துரை. மேசை விளையாட்டுக்கு நூறு வருஷம் முன்பே ஊட்டியில் அது ஆடப்பட்டிருக்கிறது, பகடை இல்லாமல்.

*

1882இன் இறுதியில் பிரம்மஞான சங்கம் அடையாறுக்குக் குடிவந்தது. மறுவருடம் ஜூலையில் மேடம் பிளாவட்ஸ்கி வெயிலுக்குத் தப்பி ஊட்டிக்குச் சென்று, ஜெனரல் மார்கனின் இல்லத்தில் தங்கினார். அங்கு கண்டதையும் கேட்டதையும் காணாததையும் சேர்த்து ரஷ்ய மொழியில் எழுதிய தொடர், 'நீலமலை மக்கள்' என்று பொருள்படும் தலைப்பில் பின்னர் நூலாயிற்று. 1930இல் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளிவந்தது.

மானுடவியல் என்று எண்ணி அந்நூலைத் திறப்பவர் திகைப்பார். தோதர்கள் நெடிய, பேரழகுடைய, பொய் அறியாத, எங்கிருந்தோ வந்த தெய்வீகக் குடியினர். குறும்பர்கள் பார்வையாலேயே ஆளைக் கொல்லும் சூனியக்காரக் குள்ளர்கள். படகர்கள் தோதர்களை வணங்குபவர்கள். ஒவ்வொரு குடிக்கும் ஓர் உயரம், ஒரு குணம், ஒரு சக்தி. பிறப்பே இயல்பைத் தீர்மானிக்கிறது. இன்று இதைப் படிக்கும் ஒருவருக்கு, விளையாட்டு விதிநூலில் எல்ஃப் என்னும் நெடியோரும் துவார்ஃப் என்னும் குள்ளரும் அட்டவணையிடப்பட்டிருக்கும் பக்கம்தான் நினைவுக்கு வரும்.

கைகாக்ஸ் இந்த நூலைப் படித்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய எல்ஃபும் குள்ளரும் ஐரோப்பியத் தொன்மங்களிலிருந்தும் டோல்கீனிடமிருந்தும் வந்தவர்கள். ஆனால் இரு உலகங்களுக்கும் இடையே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. பிளாவட்ஸ்கி 1888இல் வெளியிட்ட 'ரகசியக் கோட்பாடு' நூலில் மனிதகுலம் மூல இனங்களாக, ஒன்றன்பின் ஒன்றாக, கடலில் மூழ்கிய கண்டங்களில் தோன்றியதாகச் சொன்னார். அவற்றில் ஒன்று லெமூரியா. பிரம்மஞானிகள் விரித்தெழுதிய மூழ்கிய கண்டங்களும் தொல்லினங்களும் இருபதுகளின் அமெரிக்கச் சல்லிசுக் காகிதப் பத்திரிகைக் கதைகளுக்குள் புகுந்தன. லவ்கிராஃப்ட் தன் கதுல்ஹு கதையில் அந்த லெமூரிய நூலொன்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். 1979இல் கைகாக்ஸ் தனக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களின் பட்டியலை வெளியிட்டபோது அதில் லவ்கிராஃப்டும் ராபர்ட் ஹோவர்டும் இருந்தார்கள்.

அதே லெமூரியாதான் நம்மிடம் வந்து குமரிக்கண்டத்துடன் இணைந்தது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர்கள் பரவியதை விளக்க வைத்த பெயர், ஒருபுறம் தமிழரின் இழந்த தாயகமாகவும் மறுபுறம் பகடை உருட்டும் சிறுவர்களின் நிலவறையாகவும் ஆகியிருக்கிறது. இழந்துபோன ஒன்றுக்கு வரைபடம் போடும் ஆசையில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல.

*

குள்ளச் சூனியக்காரர் என்ற சித்திரம் கதையாக மட்டும் நின்றிருந்தால் இத்தனை தூரம் பேசவேண்டியதில்லை. அது பிளாவட்ஸ்கி புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. குறும்பரின் மந்திரம் பற்றிய அச்சம் மலையிலேயே இருந்தது. தோதர் பாலும் நெய்யும், கோத்தர் இரும்பும் மண்பாண்டமும் இசையும், படகர் தானியமும், குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் தந்து வாழ்ந்த ஒரு பரிமாற்ற உலகம் அது. படகர் ஊர்களில் விதைப்பைத் தொடங்கிவைக்கவும் தீமையிலிருந்து காக்கவும் ஒரு குறும்பர் அழைக்கப்பட்டார். காப்பவனால் அழிக்கவும் முடியும் அல்லவா? நோயும் கால்நடைச் சாவும் வந்த காலங்களில் அந்த அச்சம் கொலையாக மாறியது. 1835ஆம் ஆண்டு குறும்பர்கள் கும்பலாகக் கொல்லப்பட்டது மாவட்ட ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பின்னும் அந்த நூற்றாண்டில் அப்படிப்பட்ட கொலைகள் நடந்தன.

மலையிலிருந்த அச்சத்துக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. அழைப்பும் கூலியும் சடங்கும் உறவும் அதனுடன் பின்னியிருந்தன. அந்தப் பின்னலை அறுத்து, அச்சத்தை மட்டும் எடுத்து, அதையே ஒரு மக்களின் பிறவிக்குணமாக அச்சிட்டதுதான் நூல் செய்த வேலை. ஓர் ஊரின் சந்தேகம் அப்போது ஓர் இனத்தின் இலக்கணமாகிவிடுகிறது. விளையாட்டின் பூத அட்டவணையும் அவ்வாறே இயங்குகிறது. 1978இல் அறிமுகமான, தோல் கறுத்த, கொடிய நிலத்தடி எல்ஃபுகளை எடுத்துக்கொள்ளலாம். அவர்களைக் கொல்ல வீரன் காரணம் தேட வேண்டியதில்லை. பெயருக்கு நேரே 'தீயவர்' என்று அச்சாகியிருந்தால் போதும். ஆடுபவர்களே இதைக் கேள்வி கேட்டுக் கேட்டு, 2024இல் வந்த புதிய விதிநூலில் இனம் என்ற சொல்லையே நீக்கி, உயிர்வகை என்ற பொருளில் வேறு சொல்லை வைத்தார்கள். சொல்லை மாற்றியதால் என்ன மாறும் என்று கேட்கலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்தாவது அட்டவணை கேள்விக்குள்ளானது என்பது சிறிய விஷயமல்ல.

அப்படியானால் அந்தப் பழைய படங்களை நேசிப்பது பிழையா? நான் அப்படி நினைக்கவில்லை. டிராம்பியரின் விக்கிரக அட்டையை மறுபடி பார்க்கலாம். அதில் வெற்றி முழக்கம் இல்லை. திருடர்கள் திருடர்களாகவே வரையப்பட்டிருக்கிறார்கள். விக்கிரகம் எந்தச் சலனமும் இன்றி அவர்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருடைய புலிமுக ராட்சசனோ புத்தகத்திலேயே மிக நாகரிகமான ஆசாமி. விதிநூலின் வரி அவனைத் தீயவன் என்கிறது. கோடு அவனுக்கு ஒரு மாலைப்பொழுதையும் புகையிலையையும் தருகிறது. எழுதியவன் தீர்ப்புச் சொல்லி முடித்த இடத்தில் வரைந்தவன் தயங்கியிருக்கிறான். நினைவேக்கம் அந்தத் தயக்கத்தைக் காண நம்மை அழைத்துப்போகுமானால் அது நல்ல வழிகாட்டிதான். கண்டதை மறுபடி காண்பதோடு நின்றுவிட்டால்தான் சிக்கல்.

கோத்தகிரிக்குக் கிழக்கே சரிவில் வெள்ளரிக்கொம்பை என்ற ஆலுக்குறும்பர் ஊர் இருக்கிறது. அருகே, எழுத்துப்பாறை என்று மக்கள் அழைக்கும் இடத்தில் பழங்காலப் பாறையோவியங்கள் உள்ளன. குறும்பர்கள் அவற்றைத் தம் முன்னோர் கைவேலை என்று போற்றுகிறார்கள். கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் சடங்குக்காக வரைந்த அந்த மரபு, அண்மைப் பத்தாண்டுகளில் தாளுக்கும் துணிக்கும் இறங்கியிருக்கிறது. வேங்கைப் பிசினின் செம்பழுப்பு, இலையைத் தேய்த்தெடுத்த பச்சை, மரப்பட்டையின் கறுப்பு, மண்ணின் மஞ்சளும் வெள்ளையும். செங்குத்தான பாறையில் தேனடைகள் தொங்குகின்றன. காட்டுக்கொடி ஏணியில் ஒருவன் இறங்குகிறான், மேலே மற்றவர்கள் கொடியைப் பிடித்திருக்கிறார்கள். வேறொரு படத்தில் குழலும் மேளமும், கைகோத்து ஆடும் வட்டம்.

நூறாண்டுகளாகப் பிறர் எழுத்தில் குள்ளராக இருந்தவர்கள் தம்மைத் தாமே வரையும்போதும் மனித உருவங்களைச் சிறியதாகவே போடுகிறார்கள். மரமும் பாறையும் அவ்வளவு பெரியவை என்பதால். அந்தப் படங்களில் பூதம் எதுவும் இல்லை. பாறை உச்சியில் கொடியைப் பிடித்திருப்பவனின் கை தளர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் பார்ப்பவருக்கு எழுகிறது.